சாங்கிச் சாலையும் சைக்கிள் பயிற்சியும்

ஞாயிறு விடியற்காலையில், சிங்கப்பூரின் தேக்காவிலிருந்தும் ஈசூனிலிருந்தும் புறப்பட்டு, சாங்கி விமான நிலையத்தை அடுத்துக் கடலோரமாய் நீண்டு செல்லும் தானா மேரா கடற்கரைச் சாலையில் வரிசை வரிசையாக மிதித்துச் செல்லும் சைக்கிள்காரர்களுள் டிரையத்லான் போட்டிக்கு ஆயத்தமாகும் நம் இளைஞரும் பலர் உளர். அவர்தம் அப்பியாச முறை எத்தனை தூரம் பயன் தருவது, எங்கே பிழைபடுவது என்பதை ஆராய்தல் அவசியமாகிறது.

டிரையத்லானின் ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீந்திக் கரையேறியவர், 10 கிலோமீட்டர் ஓடுவதற்கு முன், 40 கிலோமீட்டர் இடைவிடாது மிதித்தாக வேண்டும். சமிக்ஞை விளக்குதோறும் நின்று புறப்படும் நகர வீதிகளில் இப்பொறுமையைக் கற்க இயலாது. சாங்கியின் சமதளம் அதனைக் கற்பிக்கிறது. மற்றொரு விசேஷமும் உண்டு. விமான நிலையத்தின் ஓடுபாதைகள் பருவக்காற்றின் திசையை அனுசரித்து அமைந்தவை. சாலையும் ஏறக்குறைய அத்திசையிலேயே செல்வதால், வடகிழக்குப் பருவத்தில் போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வாய்க்கின்றன. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை 36 ஆக்கினால், காற்றை எதிர்ப்பதற்கு மட்டுமே ஏறத்தாழ 1.7 மடங்கு வலிமை வேண்டும் என்ற உண்மையைத் தொடைகள் இங்கே தாமாகவே அறிந்துகொள்கின்றன.

இவ்வநுபவமே வண்டி வாங்குகையில் பலரை வழிதவறச் செய்கிறது. 1989-இல் கிரெக் லெமாண்ட், முழங்கையை ஊன்றிக் குனிந்து செல்லும் ஏரோபார் பொருத்திய சைக்கிளில், பிரான்ஸ் சுற்றுப் போட்டியை 8 விநாடி வித்தியாசத்தில் வென்றதிலிருந்து அக்கருவியின் மகிமை உலகறிந்தது. ஆயினும் காற்று தடுப்பது பெரும்பாலும் மனித உடலையே. ஆதலின் பொருந்தாத அளவில் வாங்கிய விலையுயர்ந்த போட்டி வண்டியைக் காட்டிலும், உடலுக்கு அளவெடுத்த சாதாரண சாலை சைக்கிளில் நெடுநேரம் குனிந்திருக்கப் பழகுவதே மேலானது. தவிர, ஏரோபாரில் கை வைத்திருப்பவருக்குப் பிரேக் எட்டாது. லாரிகளும் வந்துபோகும் சாலையில் இது சிறிய விஷயமன்று.

பெருங்குறை, குழுவாய்ச் செல்வதில் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்தை மீறலாகாது என்பது சட்டம், நல்ல சட்டம். ஆனால் ஐவராய்ச் சென்றாலும், முன்னவர் முதுகை ஒட்டிச் செல்பவர் காற்றின் சுமையில் பெரும் பகுதியினின்று தப்பிவிடுகிறார். தொழில்முறை வீரர் அல்லாதாருக்கான போட்டிகள் பெரும்பாலானவற்றில் அவ்வாறு ஒட்டிச் செல்வது குற்றம். நெடுந்தூரப் போட்டிகளில் சாதாரணமாக 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வாரந்தோறும் பிறர் முதுகின் நிழலில் சென்றவர், போட்டியன்று தன்னந்தனியாகக் காற்றைச் சந்திக்கையில் தம் வலிமையின் அளவே தெரியாமல் தொடக்கத்திலேயே அதனைச் செலவழித்துவிட்டு, ஓட்டத்தில் கால் துவண்டு நிற்பதைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

ஏற்றமும் வளைவும் சாங்கியில் இல்லை. அவற்றுக்கு ஃபேபர் மலைக்குப் போகலாம்.

ஆகவே, முதன்முறை வண்டி வாங்கும் அன்பர்கள், அளவு பொருந்திய சாலை சைக்கிளையே தேர்ந்து, ஏரோபாரைப் பின்னர் பொருத்திக்கொள்ளுமாறும், வாரத்தில் ஒரு நாளேனும் சாங்கிக் காற்றைத் தனியே எதிர்த்து மிதிக்குமாறும் வேண்டிக்கொள்கிறேன்.