அடுத்த அடிக்கு ஒரு விளக்கு

உயர மலை ஏறுகிறவர்களின் நாள் இருட்டில்தான் தொடங்கும். சுவிட்சர்லாந்தில் 4,478 மீட்டர் உயர்ந்து நிற்கும் மாட்டர்ஹார்னில் ஏற வருபவர்கள், 3,260 மீட்டரில் உள்ள ஹோர்ன்லி குடிலில் படுத்துவிட்டு, விடிவதற்கு வெகு முன்பே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இரவுக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும். காலணியில் மாட்டும் கிராம்பான் பற்கள் அதில் நன்றாகக் கவ்வும். பனியாற்றின் வெடிப்புகள்மேல் படிந்த பனிப்பாலம் ஆளைத் தாங்கும். பாறை இடுக்கில் உறைந்த நீர் கற்களை உருளவிடாமல் பிடித்துவைக்கும். வெயில் ஏறிவிட்டால் இத்தனையும் இளகிவிடும். அதனால் கயிறு, பனிக்கோடரி ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே நெற்றி விளக்கையும் நான் வைப்பேன். கயிறு வாங்கும்போது பத்துக் கேள்வி கேட்பவர்கள்கூட, விளக்கு என்று வந்தால் பெட்டியில் அச்சிட்ட, ஒளியின் அளவைச் சொல்லும் லூமன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு ஹெட்லாம்ப் கைக்கு வந்தால் நான் முதலில் அதன் மிகக் குறைந்த ஒளியைத்தான் பார்ப்பேன். மலையில் பெரும்பாலான நேரம் நமக்கு வேண்டியது காலுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் மட்டும்தான். அதற்கு முப்பது நாற்பது லூமன் தாராளம். அந்தக் குறைந்த வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதில் செய்தவரின் கைத்திறன் தெரிந்துவிடும். தேர்ந்த விளக்கு தரையில் ஒரே சீரான வட்டத்தை விரிக்கும். நடுவில் கண்ணைக் குத்தும் புள்ளி இருக்காது, சுற்றிக் கருவளையங்கள் இருக்காது, விளிம்பு கத்தி வெட்டினாற்போல முடியாமல் மெல்லக் கரைந்து இருட்டோடு சேரும். அந்த மென்மையான விளிம்பினால்தான் கடைக்கண்ணுக்குப் பக்கத்துச் சரிவும் தெரிகிறது. மட்டமான விளக்கில் உலகமே ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கிவிடும். அதற்கு வெளியே எதுவுமில்லை. இரண்டு மணி நேரம் அதற்குள் நடந்தால் கழுத்தும் கண்ணும் களைத்துப்போகும்.

இந்த நிலைக்கு விளக்கு சுலபமாக வந்துவிடவில்லை. 1865-இல் எட்வர்ட் விம்பரின் குழு மாட்டர்ஹார்னில் முதன்முதலாக ஏறிய காலத்தில், ஆல்ப்ஸ் வழிகாட்டிகள் மெழுகுவர்த்தி லாந்தரைத் தூக்கிக்கொண்டுதான் பனியாற்றில் நடந்தார்கள். ஒரு கை லாந்தருக்கு, ஒரு கை கோடரிக்கு. பிற்காலத்தில் குகைக்குள் இறங்கியவர்கள் கார்பைடு விளக்கை நம்பினார்கள். கற்களாக இருக்கும் கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்ட, எழும் அசிட்டிலீன் வாயு தலைக்கவசத்தின் முன்னால் எரியும். மின்விளக்கு தலைக்கு ஏறிய பிறகும் பேட்டரி இடுப்பில்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி தொங்கும். பாறையில் அந்தக் கம்பி எங்கெல்லாம் மாட்டும் என்று சொல்லத் தேவையில்லை. பிரான்சின் க்ரெனோபிளுக்கு அருகே பட்டறை வைத்திருந்த குகை ஆய்வாளர் ஃபெர்னான் பெட்ஸல், 1973-இல் விளக்கு, பேட்டரி இரண்டையும் ஒரே இழுபட்டியில் கோத்துத் தலைமேலேயே வைத்தார். தொங்கும் கம்பியிலிருந்து விடுதலை கிடைத்தது அப்போதுதான். 1981-இல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த ‘ஸூம்’ விளக்கில், முன்வளையத்தைத் திருகினால் ஒளி குவியும், இன்னும் திருகினால் விரியும். 2000-இல் வந்த ‘டிக்கா’ மூன்று எல்.இ.டி., மூன்று சின்ன செல்களோடு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. அதற்கு அடிப்படை நீல எல்.இ.டி. அதன்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசித்தான் வெள்ளை ஒளி எடுக்கிறார்கள். அந்த நீல ஒளிக்காக அகாஸாகி, அமானோ, நகாமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நெற்றி விளக்குக்கென்று ஒரு குணம் உண்டு. அதை அறிந்தால்தான் விளக்கை ஆளமுடியும். விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. கண் பார்க்கும் திசையிலேயே ஒளியும் போகிறது. அதனால் பொருள்களின் நிழல் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, நமக்குத் தெரிவதில்லை. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளமும் இல்லை. பகலில் படிப்படியாகத் தெரிந்த பாறைமுகம் இரவில் சுவரொட்டியைப் போலத் தட்டையாகிவிடும். விரல் நுழையும் வெடிப்பும் வெறும் கறையும் ஒன்றுபோலவே தோன்றும். அனுபவசாலிகள் அப்போது விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்து, இடுப்பளவில் பக்கவாட்டாகப் பிடிப்பார்கள். உடனே நிழல்கள் நீளும், பிடிமானங்கள் எழுந்து வரும், பனியில் முன்னே போனவர் வைத்த தடங்கள்கூடக் குழிகுழியாகத் தெரியும். மூடுபனியிலும் பனித்தூவலிலும் இதே வித்தைதான். நெற்றியிலிருந்து பாயும் ஒளி கண்ணெதிரே மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும். ஒளியைக் கூட்டினால் சுவர்தான் தடிக்கும். விளக்கைத் தாழ்த்தி, ஒளியைக் குறைத்தால் வழி தெரியும். ஆகவே ஹெல்மெட்டிலிருந்து ஒரே இழுப்பில் கழன்று கைக்கு வரும் விளக்குக்கு என்னிடம் தனி மதிப்பு உண்டு.

ஒளியின் நிறத்தையும் கவனிக்கவேண்டும். நீலம் தூக்கலான குளிர்வெள்ளையில் அதே அளவு மின்சாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் லூமன் கிடைக்கும் என்பதால் பலரும் அதையே தருகிறார்கள். ஆனால் உறைபனிக்கும் கெட்டிப்பனிக்கும், ஈரப்பாறைக்கும் உலர்பாறைக்கும் உள்ள சாயல் வேறுபாடு அதில் வெளிறிப்போகிறது. சற்றே இளஞ்சூடான வெள்ளையில் பத்து லூமன் குறைந்தாலும் எனக்குச் சம்மதம்.

பெட்டியில் உள்ள எண்களுக்கு வருவோம். நல்ல நிறுவனங்கள் 2009-இல் வந்த எஃப்.எல்.1 என்ற தரநிலைப்படி அளக்கின்றன. விளக்கை ஏற்றி முப்பது விநாடி கழித்து வரும் ஒளியே அதன் லூமன். அது பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரமே அதன் ஆயுள். பாய்ச்சல் தூரம் என்பது, ஒளி ஏறக்குறைய முழுநிலா அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்கு இறங்கும் இடம். ஆக, ‘400 லூமன், 100 மணி’ என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. இரு மடங்கு தூரம் தெரிய நான்கு மடங்கு ஒளிச்செறிவு வேண்டும் என்பது இயற்பியல். பேட்டரி அந்தக் கணக்கில்தான் கரையும். நானூறு லூமன் வேண்டிய தருணங்கள் உண்டு: கயிற்றில் கீழே இறங்குகையில் அடுத்த ஆணி எங்கே என்று தேடும்போது, பனியாற்றுக்கு அக்கரையில் வழியைத் துழாவும்போது. அவை நிமிடக் கணக்குதான். மற்றபடி, கடைசிவரை ஒரே அளவில் எரிந்து, தீரும்போது எச்சரித்துவிட்டு ரிசர்வுக்கு மாறும் விளக்கே மேல். நாம் அறியாமலே மெல்ல மெல்ல மங்கும் விளக்கு ஆபத்தானது.

குளிர் பேட்டரியின் எதிரி. மைனஸ் 20 டிகிரியில் சாதாரண அல்கலைன் செல் தன் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். சார்ஜ் செய்யமுடியாத லித்தியம் செல்கள் மைனஸ் 40 வரை தாங்கும், எடையும் குறைவு. சில விளக்குகள் அவற்றை ஏற்காது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளவேண்டும். வார இறுதி ஏற்றத்துக்கு யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் விளக்கு போதும். வாரக்கணக்கில் நீளும் இமயப் பயணத்துக்கு, சார்ஜ் ஆகும் பேட்டரி, மாற்று செல் இரண்டையும் ஏற்கும் விளக்கே நல்லது. மாற்று செல்லை மட்டும் கொண்டுபோவதைவிட, முப்பது கிராம்கூட வராத ஒரு குட்டி விளக்கை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். இருட்டில் செல் மாற்றவும் வெளிச்சம் வேண்டுமே.

பொத்தானைப் பற்றி நீட்டவேண்டியதில்லை: தடித்த கையுறையோடு அழுத்த வரவேண்டும், எத்தனை அழுத்தலுக்கு என்ன வரும் என்று அரைத்தூக்கத்திலும் நினைவிருக்கவேண்டும், பையில் கிடக்கும்போது தானாக எரியாதபடி பூட்டும் வசதி இருக்கவேண்டும். சிவப்பு ஒளி கூடாரத்துக்குள் அருமை. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். மங்கலான சிவப்பு அதை அவ்வளவாகக் கெடுக்காது, உறங்குபவரையும் எழுப்பாது. ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையில் போட்ட கோடு அதில் மறைந்துவிடும். பேசும்போது கூட வருபவரின் கண்ணில் ஒளியை அடிக்காமல் தலையைத் தாழ்த்திக்கொள்வது மலையின் மரியாதை. ஆபத்தில் உதவி கேட்க, நிமிடத்துக்கு ஆறு முறை ஒளிகாட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை மின்னினால் பதில் வந்துவிட்டது என்று பொருள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்கு உங்கள் ஹெல்மெட்டையும் தடித்த கையுறையையும் எடுத்துச்செல்லுங்கள். இருட்டான ஒரு மூலையைக் கேட்டுவாங்கி, மிகக் குறைந்த ஒளியில் சுவரைப் பாருங்கள். பிறகு கையுறையோடு விளக்கைக் கழற்றி, ஏற்றி, அணைத்து, செல்லையும் மாற்றிப்பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாத விளக்கு எத்தனை லூமன் காட்டினாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலைக்கு வேண்டாம்.