612739: ககாரின் கதையில் காணாமல் போன விமானம்

யூரி ககாரின் எப்படி இறந்தார் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே மசாலாதான். மர்மம், சதி, கேஜிபி, கொஞ்சம் வோட்கா. அவர் ஏறிய விமானத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. சர்வர் விழுந்த கதையைச் சொல்லிவிட்டு அது என்ன மெஷின், எத்தனை வருஷம் ஓடியது என்பதை விட்டுவிடுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

அது மிக்-15 யூடிஐ. கொரியப் போரில் பெயர் வாங்கிய மிக்-15 போர்விமானத்தின் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவம். முன்னால் மாணவர், பின்னால் பயிற்றுநர். அதன் எஞ்சினுக்குப் பூர்வீகம் பிரிட்டன்: 1946-ல் பிரிட்டன் விற்ற ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சினைப் பார்த்துச் சோவியத்காரர்கள் செய்ததுதான் ஆர்டி-45. (விற்க ஒப்புக்கொண்டவர்களை ஸ்டாலினே நம்பவில்லை என்றொரு கதை உண்டு. அது வேறு பதிவுக்கு.) 612739 என்ற இந்த விமானம் 1956-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஏரோ வோடோகோடி ஆலையில் செய்தது. 1962-லும் 1967-லும் பழுதுபார்ப்புக்குப் போய் வந்திருக்கிறது. எஞ்சினைப் பலமுறை பிரித்து மாட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயது வண்டி. பயிற்சி விமானத்துக்கு இது சாதாரண வாழ்க்கைதான். தினமும் ஏறி இறங்கி, யாராரோ கற்றுக்கொள்ள முதுகு கொடுத்த வண்டி.

1968 மார்ச் 27 காலை 10:18-க்குப் பிறகு ச்கலோவ்ஸ்கி தளத்திலிருந்து ககாரினும் விளாதிமிர் செர்யோகினும் அதில் கிளம்பினார்கள். ககாரின் மறுபடி தனியாகப் பறக்கலாமா என்று பார்க்கும் சோதனைப் பயணம் அது. 10:30-க்கு, பயிற்சி முடிந்தது, திரும்புகிறேன் என்று ககாரின் அமைதியாக ரேடியோவில் சொன்னார். சுமார் 4,000 மீட்டர் உயரம். அடுத்த ஒரு நிமிஷத்துக்குள், கிர்ஷாச் அருகே நோவோசியோலோவோ கிராமத்துப் பக்கம் தரையில் மோதியது. எந்த விளக்கமாக இருந்தாலும் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதிகம் பரவியது விண்வெளி வீரர் அலெக்சி லியோனவ் சொன்னது. அன்று கிர்ஷாச் பகுதியில் பாராசூட் பயிற்சியில் இருந்தவர் அவர். ஒன்றரை, இரண்டு நொடி இடைவெளியில் இரண்டு வெடிச்சத்தம் கேட்டதாம். அனுமதியில்லாமல் கீழே இறங்கிய ஒரு சு-15 அருகில் உரசிப் போக, அதன் காற்றுச் சுழலில் மிக் மாட்டிக்கொண்டது என்பது அவர் முடிவு. 2013-ல் அந்த விமானி இன்னும் உயிரோடு இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன் என்றார்.

லியோனவ் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த வாதம் நிற்காது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பல கிலோமீட்டர் தள்ளி ஒரே இடத்தில் நிற்பவர் காதுக்கு இரண்டு சத்தம் அடுத்தடுத்து வந்தால், அவை அதே இடைவெளியில்தான், பக்கத்துப் பக்கத்தில்தான் எழுந்தன என்று ஆகாது. ஒரே கடிகாரத்தில் பதிந்த இரண்டு லாக் வரிகளை வைத்து எந்த சர்வர் முதலில் விழுந்தது என்று சொல்கிற வேலை அது. மிச்ச ஆதாரம் பெயரில்லாத ஒருவர். அதை யார் போய்ச் சரிபார்ப்பது?

ஓய்வுபெற்ற கர்னல் இகோர் குஸ்னெட்சோவ் வேறொன்று சொன்னார். காக்பிட்டில் ஒரு காற்றுத் துளை சரியாக மூடப்படவில்லை, பதறி வேகமாக இறக்கியதில் இருவரும் நினைவிழந்தார்கள் என்று. லே நகரம் 3,500 மீட்டரில் இருக்கிறது, ஜனங்கள் அங்கே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக, துளையால் ஆபத்து என்பதைவிட, துளைக்குப் பயந்து அனுபவசாலிகள் இருவரும் விமானத்தைக் கண்மூடித்தனமாகக் குத்தவிட்டார்கள் என்பதைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு முடியவில்லை.

வோட்கா கதைக்கு ஒரு வரி போதும்: விசாரணையில் மதுவின் தடயமே இல்லை. செர்யோகின் உலகப்போரில் பறந்த, சோவியத் நாயகர் பட்டம் பெற்ற விமானி. இந்த வதந்தியில் அவர் பெயரும் சேர்ந்து அழுக்கானது. அதை வளர்த்தது அரசேதான். விசாரணை ஆவணங்கள் 29 தொகுதி. மொத்தத்தையும் பூட்டி வைத்தார்கள். 2011-ல் வெளியே விட்ட முடிவு என்ன? வானிலை பலூனைத் தவிர்க்கவோ, மேகத்தின் மேல் விளிம்பில் நுழையாமல் இருக்கவோ சட்டென்று திருப்பியிருக்கலாம். 'இருக்கலாம்.' நாற்பது வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்ததற்கு இந்த ஒரு வாக்கியம்!

எனக்கு நம்பத் தோன்றுவது எல்லாவற்றையும்விடச் சலிப்பான தகவல்கள். கேஜிபியின் சொந்த விசாரணை சொன்னதாக வெளிவந்தவை. வானிலைத் தகவல் பழசு, நிலைமை அதற்குள் மோசமாகிவிட்டது. இறக்கைக்கு அடியில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளைக் கழற்றாமல் விட்டார்கள். அன்றைய பயிற்சிக்குத் தெளிந்த வானமும் தொட்டியில்லாத விமானமும் வேண்டும், இரண்டும் இல்லை. இதில் வில்லன் கிடையாது, அதனால் வீடியோவும் கிடையாது. முதலில் விமானத்தை உலுக்கியது எது என்பதற்கு இதிலும் பதில் இல்லைதான். ஆனால் உலுங்கிய பிறகு ஏன் மீளவில்லை என்பதற்குப் பதில் இருக்கிறது.

ககாரினின் பொறியியல் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த செர்கெய் பெலோட்செர்கோவ்ஸ்கி பின்னாளில் இதைக் கணக்குப் போட்டார். கடைசி நொடிகளில் விமானம் சும்மா விழவில்லை, குத்தலிலிருந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. இன்னும் 250, 300 மீட்டர் உயரம் இருந்திருந்தால் போதும். மேகத்தின் அடிப்பக்கம் எவ்வளவு கீழே இறங்கியிருந்தது என்ற சரியான தகவல் அவர்களிடம் இல்லை.