வைக்கோல் கட்டில் கீரை விளையுமா?

மண்ணே இல்லாத இடத்திலும் வைக்கோல் கட்டின் மேல் காய்கறி பயிரிடலாம் என்று கூறுகிறது 'ஸ்ட்ரா பேல் கார்டன்ஸ்' என்னும் ஆங்கில நூல். 2013இல் வெளிவந்த இதன் ஆசிரியர் ஜோயல் கார்ஸ்டன், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தவர். முறை எளியது. கட்டை நனைத்து, நைட்ரஜன் உரம் தூவிப் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்தால் உள்ளே மக்கத் தொடங்கும். பிறகு நாற்று நடலாம். கசிவுக் குழாயால் நீர் விடலாம். தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இது எந்த அளவு பொருந்தும்?

முதலில் நூலின் நிறையைக் கூற வேண்டும். உரம் ஏன் தேவை என்பதில் ஆசிரியர் தெளிவாக இருக்கிறார். வைக்கோலில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் சொற்பம். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனைச் செடியிடமிருந்தே பறித்துக்கொள்ளும். உரமிடாத கட்டில் கீரை வெளிறிப்போவது இதனால்தான்.

ஆனால் மக்கும்போது வெப்பம் பிறக்கிறது. பனி உறையும் மின்னசோட்டாவில் அது வரம். வேர் கதகதப்பாக இருப்பதால் பருவத்துக்கு முன்பே நடவு செய்யலாம். சித்திரை வெயிலில் கொதிக்கும் நெல்லை மாடியில் அந்த வரமே சாபமாகிவிடும். இங்கே கட்டு நன்றாக ஆறிய பின்பே, அதுவும் நிழலில்தான் நட வேண்டும்.

அடுத்தது நீர். சொட்டுநீர் என்றாலே சிக்கனம் என்று நினைக்கிறோம். அந்தச் சிக்கனத்தில் பாதி மண்ணின் வேலை! ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 15 மில்லிமீட்டர் ஏறும். ஆரம் நூறில் ஒரு பங்கானால் சுமார் ஒன்றரை மீட்டர் ஏறும். மண்ணின் நுண்துளைகள் இப்படித்தான் சொட்டை நாற்புறமும் இழுத்துப் பரப்புகின்றன. வைக்கோலின் இடைவெளிகளோ பெரியவை. புது வைக்கோலின் மெழுகுப் பூச்சில் நீரும் ஒட்டாது. சொட்டு நேரே கீழிறங்கும். கரைந்த உரமும் உடன் போகும். ஒரு தம்ளரில் மண்ணும் மற்றொன்றில் நறுக்கிய வைக்கோலும் நிரப்பி, நடுவில் மைநீரைச் சொட்டவிட்டுப் பாருங்கள், வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆகவே வைக்கோலில் சொட்டுவாய்கள் நெருக்கமாக அமைய வேண்டும். நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை விட வேண்டும்.

சிறுகீரை, தண்டுக்கீரை விதைகள் கடுகினும் சிறியவை. விதைப்பதானால் கட்டின் மேல் நடவுக் கலவை பரப்பச் சொல்கிறது நூல். நம் கீரைக்கு நீரைப் பிடித்து வைக்கப்போவது அந்த மெல்லிய அடுக்கே. அப்படியானால் 'மண்ணில்லாத் தோட்டம்' என்ற பெருமை கீரையைப் பொறுத்தவரை சற்றுக் குறைகிறதல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. மின்னசோட்டாவில் வைக்கோல் கோதுமை, ஓட்ஸ் அறுவடையின் மிச்சம். இங்கே கார், பிசானம் இரு போகத்து வைக்கோலும் படப்பில் ஏறி ஆண்டு முழுதும் மாட்டுக்குத் தீனியாகிறது. கீரைக்காக நல்ல வைக்கோலை விலைக்கு வாங்கினால் நாம் மாட்டோடு போட்டியிடுகிறோம். மழையில் நனைந்து கெட்டதும், சிப்பிக்காளான் எடுத்தபின் எஞ்சும் பாதி மக்கிய படுக்கையுமே இதற்கு ஏற்றவை. பின்னது முன்பே மக்கியிருப்பதால் சூடும் நைட்ரஜன் பசியும் குறைவு.

நூல் படிக்கத்தக்கது. ஆனால் அதன் அட்டவணையை அப்படியே பின்பற்றாமல், அதன் காரணங்களை அறிந்து நம் வெயிலுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டல் மண் உள்ள ஆற்றங்கரை வயலுக்கு இது தேவையில்லை. மண்ணில்லாத மாடிக்கும், உவர் நிலத்து முற்றத்துக்கும் உதவும்.