கட்டிலுக்கும் கும்பிடா?

வெண்பளிங்கிலே நிமிர்ந்து நிற்கிறான் காரன்வாலிஸ். என்ன எடுப்பு! என்ன மிடுக்கு! தாமஸ் பேங்க்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கி, 1800 இல் சென்னைக் கோட்டையிலே நிறுத்தப்பட்ட சிலை அது. இன்று, 1948 இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகத்திலே இருக்கிறது. வருவோர் அண்ணாந்து பார்க்கின்றனர், வியக்கின்றனர், வாளும் பதக்கமும் காண அடுத்த கூடத்திற்கு விரைகின்றனர். குனிந்து பீடத்தைப் பார்ப்போர் மிகச் சிலர்.

நாம் குனிந்து பார்த்தோம், தோழர்களே! பீடத்திலே ஒரு காட்சி. இரு சிறுவர்கள் வெள்ளைத் தளபதியிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். திப்புவின் மைந்தர்கள். ஒருவனுக்கு ஏறக்குறைய பத்து வயது, மற்றவனுக்கு எட்டு. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு பாதி நாட்டை இழந்தான். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமும் தரவேண்டியவனானான். தொகை தீரும்வரை பிள்ளைகள் பிணை! அடகுக் கடையிலே அண்டா வைப்பதைப்போல வைக்கப்பட்ட அந்தப் பாலகர்கள் தந்தையிடம் திரும்பியது 1794 இல்.

எங்கோ நடந்த கதையன்று இது. அதே உடன்படிக்கையிலேதான் சேலமும் பாராமகாலும் கும்பெனியார் கைக்குப் போயின. அஸ்தம்பட்டியிலே வீடு கட்டி வாழும் நாம், அந்தப் பீடத்திலே செதுக்கப்பட்டிருக்கும் பேரத்தின் ஒரு பகுதி. நாட்டைப் பெற்ற கும்பெனி அடுத்துச் செய்த வேலை, அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ என்பாரை அனுப்பி நிலத்தை அளந்து வரி விதித்தது. ரயத்துவாரி முறை முளைவிட்டது இந்த மண்ணிலே. சிலையைப் போற்றுவோர் சிற்பியின் உளித்திறனைப் போற்றட்டும், மறுக்கவில்லை. ஆனால், சிலையாக நிற்பவனுக்கும் சேர்த்து வியப்புக் காணிக்கை செலுத்துகிறோமே, அதைத்தான் கேட்கிறோம்.

கோடை விடுமுறையிலே மாணவர் சிலருடன் சோழமண்டலக் கரையோரம் சென்று, வெள்ளையர் ஆண்ட ஊர்களின் அருங்காட்சியகங்களைக் கண்டுவந்தோம். அங்கெல்லாம் இந்தக் கேள்வி நம்மைத் தொடர்ந்து வந்தது.

1954 இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய புதுவையிலே, டூப்ளே துயின்றதாகச் சொல்லப்படும் கட்டில் ஒன்று அருங்காட்சியகத்தில் உண்டு. மக்கள் அதைச் சூழ்ந்து நின்ற பணிவைக் காணவேண்டும்! செருப்பைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டனர். குழந்தை தொடப்போனதும் தாய் பதறினாள். திருவரங்கத்திலே பள்ளிகொண்டானுக்குக் காட்டும் பக்தி, புதுவையிலே பள்ளிகொண்ட பரங்கிக்கு இடம் மாறியிருக்கிறது! கருவறை மாறிற்று, கும்பிடும் பழக்கம் மாறவில்லை.

அதே கட்டடத்திலே அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. 1945 இல் வீலர் அகழ்ந்து, உரோம் நாட்டு வணிகத்தின் காலக்கணக்கை உலகுக்கு உறுதிப்படுத்திய ஊரல்லவா அது! மது கொணர்ந்த சாடியின் ஓடுகள், கல்லிலே துளையிட்டுக் கோத்த மணிகள். கடுகளவு மணியிலே நேரான துளையிட்டவன் யார்? அவன் பெயர் நமக்குத் தெரியாது, கைத்திறன் தெரிகிறது. அந்தப் பேழையின்முன் நம் மாணவர் இருவரும் ஓர் ஈயும் தவிர யாருமில்லை. புதுவை செல்லும் தோழர்கள் கட்டிலுக்கு ஒரு நொடி கொடுத்தால் போதும். மணிகளுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு, 1936 சூலை 30 இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான பஞ்சாலைத் தொழிலாளரின் ஊர் அது என்பதையும் நினைவில் வையுங்கள். பெருமாள் கோயில் தெருவிலே புரட்சிக்கவிஞர் வாழ்ந்த இல்லமும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைக் காணாது திரும்புவோர் புதுவையைக் கண்டவராகார்.

தரங்கம்பாடியிலே கடல் கோட்டை வாயிலுக்கே வந்து அலையடிக்கிறது. 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் எழுப்பிய கோட்டை. 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. ஊரை ஊராரைக் கேளாமலே விற்ற காலம்! 1706 இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார், பள்ளி வைத்தார், அச்சுப்பொறி வரவழைத்தார், 1715 க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். மதம் பரப்பத்தான் செய்தார். ஆயினும் ஓலையிலே சிலரிடம் சிறைப்பட்டிருந்த எழுத்து, தாளிலே பலரிடம் செல்ல வழி திறந்தது. அவரையே இந்தக் கோட்டையின் தளபதி 1708 இல் பிடித்து நான்கு திங்கள் அடைத்துவைத்தான் என்பது சுவையான செய்தி. இவ்வளவும் சொல்லி, 1718 இல் அவர் கட்டிய தேவாலயத்திலே சாதிக்கேற்பத் தனித்தனி இருக்கை இருந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அச்சுப்பொறி கடல்கடந்து வந்தது. சாதி கரையிலேயே காத்திருந்தது.

கடைசியாகக் காணவென்று ஒதுக்கிவைத்திருந்தது எழும்பூர். 1851 இல் தோன்றிய இதனைச் 'செத்த காலேஜ்' என்று சென்னை மக்கள் பெயரிட்டழைத்தனர். நம் கருத்து வேறு. செத்தது ஒன்று உண்டு அங்கே, அது தீண்டாமை. திருவாலங்காட்டு ஆடவல்லான் செப்புத் திருமேனி அங்கிருக்கிறது. கோயில்களிலே அத்தகைய திருமேனியின் அருகே செல்ல, தாழ்த்தப்பட்டோருக்கு 1947 ஆலய நுழைவுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. கருவறைக்குள் புகும் உரிமைக்கோ வழக்குமேல் வழக்கு! காட்சிக்கூடத்திலே சாதி கேட்பாரில்லை. முன்னே நின்று காணலாம், பின்னே சென்று முதுகையும் காணலாம். அலங்காரமில்லை, திரையில்லை, தட்சணையில்லை. மெழுகிலே உருவமைத்து, மண்பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்திலே உலோகம் வார்த்த தமிழன் கைவண்ணம் பளிச்செனத் தெரிகிறது.

குறையும் சொல்லவேண்டும். நாம் படித்த பெயர்ப்பலகைகள் கடவுளின் பெயரைச் சொல்லின, ஊரைச் சொல்லின, நூற்றாண்டைச் சொல்லின. வார்த்த முறையைச் சொல்ல இரண்டு வரி கிடைக்காதா? அது இல்லாததால்தானே, ஒரு முதியவர் நம் கண்ணெதிரே கன்னத்திலே போட்டுக்கொண்டு, பேழையின் ஓரத்திலே காசு வைத்தார்! காவலர் வந்து எடுத்துக் கொடுத்தார்; பெரியவர் வருந்தினார்.

அந்த முதியவரை நாம் நகையாட மாட்டோம். ஏனெனில் எழும்பூரிலே நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தவை நம் ஊர்ப் பக்கத்துக் கற்கள். 1863 மே 30 இல் பல்லாவரத்திலே பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புருசு பூட் என்ற நிலநூல் அறிஞரின் சேகரிப்பு, 1904 இல் இந்த அருங்காட்சியகத்திற்கு வாங்கப்பட்டது. அதிலே சேர்வராயன் மலைக் கற்கோடரிகளும் உண்டு. பளபளவென்று தீட்டப்பட்ட புதிய கற்காலக் கருவிகள். இத்தகைய கற்களை மலைச் சிற்றூரார் கண்டெடுத்து, சிறு கோயில்களிலே சாமியாக வைத்து வழிபட்டு வந்ததை ஆய்ந்தோர் எழுதிவைத்துள்ளனர். காடு வெட்ட, மரம் பிளக்க ஒரு மனிதன் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய கருவி! அவன் வழிவந்தோர், செய்தவனை மறந்தனர்; செய்பொருளைக் கும்பிட்டனர். பூட் அதைக் கையிலெடுத்தார், திருப்பிப் பார்த்தார், கோடரி என்றார்.

வெள்ளையன் சொல்லித்தான் தெரியவேண்டுமா என்று மாணவன் ஒருவன் சீறினான். நல்ல கேள்வி. காரன்வாலிசும் வெள்ளையன், பூட்டும் வெள்ளையன். ஒருவன் நம் ஊரைக் கணக்கிலே எழுதிக்கொண்டான். மற்றவர் நம் மூத்தோர் கைகளைக் கண்டறிந்தார். முன்னவனுக்குப் பளிங்கு. பின்னவர் 1912 இல் மறைந்தார். அவர் நினைவுக்கல் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்திலே இருக்கிறது. அஸ்தம்பட்டி வழியே நாள்தோறும் ஏற்காட்டுப் பேருந்துகள் ஏறுகின்றன. ஏரியும் படகும் காணச் செல்வோர் கூட்டம் நிரம்பி வழிகிறது. அடுத்த ஞாயிறு, சீறிய அந்த மாணவனையும் அழைத்துக்கொண்டு நாமும் ஏறுகிறோம்.