யார் தலைக்கு மேல் குமிழி?

காதல் காமிக்ஸில் ஒரு பெண் இரண்டு இடங்களில் பேசுகிறாள். வால் வைத்த பேச்சுக் குமிழியில் அவள் சொல்வது எதிரே நிற்பவனுக்குக் கேட்கும். புகைபோல மிதக்கும் எண்ணக் குமிழியில் அவள் நினைப்பது நமக்கு மட்டும் தெரியும். முதலாவதில் ‘விடு’ என்றும் இரண்டாவதில் ‘விட்டுவிடுவானோ’ என்றும் எழுதிவிட்டால் போதும், அவன் கையைப் பிடித்து இழுத்தது குற்றமில்லாமல் போய்விடும். நாவலிலும் சினிமாவிலும் இந்த வித்தை உண்டு. ஆனால் மறுப்பையும் அந்த மறுப்பைப் பொய்யாக்கும் நினைப்பையும் ஒரே கட்டத்துக்குள் அருகருகே வைத்துக் காட்டும் வசதி காமிக்ஸுக்கே உரியது. பல நாட்டுக் காதல் காமிக்ஸ்களைச் சம்மதம் என்கிற ஒன்றை மட்டும் கவனித்துப் படித்துவந்ததில், அந்தக் குமிழியை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயம் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் இந்த வகையைத் தொடங்கியவர்கள் ஜோ சைமன், ஜாக் கிர்பி. கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அதே இருவர். 1947இல் அவர்கள் கொண்டுவந்த ‘யங் ரொமான்ஸ்’ விற்ற விற்பனையைப் பார்த்து மற்றவர்களும் இறங்க, சில வருடங்களிலேயே காதல் இதழ்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. கதைகள் பெண்ணின் வாக்குமூலமாக, ‘நான்’ என்று தொடங்கும். எழுதியவர்களும் வரைந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். 1954இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட தணிக்கை விதி, காதல் கதைகள் திருமணத்தின் புனிதத்தை வலியுறுத்த வேண்டும் என்றது. பலாத்காரத்தைக் காட்டவோ குறிப்பால் உணர்த்தவோ கூடாது என்றும் சொன்னது. கேட்க நல்ல விதிதான். விளைவு வேறு: வன்முறையைக் காட்டக்கூடாது என்றால் அதைப் பற்றிப் பேசவும் முடியாது. கதாநாயகியின் சிக்கல்கள் எல்லாம் அவளுடைய ஆசையிலிருந்தே பிறந்தன, திருமணத்தில் தீர்ந்தன. அந்த வகை 1970களில் அடங்கிவிட்டது. உலகம் அதை இன்று நினைவில் வைத்திருப்பது ராய் லிக்டன்ஸ்டைனின் 1963ஆம் ஆண்டு ஓவியத்தால். அலையில் மூழ்கும் பெண், காதலனை உதவிக்குக் கூப்பிடுவதைவிட மூழ்குவதே மேல் என்று நினைக்கிறாள். அதுவும் ஓர் எண்ணக் குமிழிதான். ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ இதழில் டோனி அப்ருட்சோ வரைந்த கட்டத்திலிருந்து எடுத்தது. மூலக் கட்டத்தில் பின்னால் இருந்த காதலனை லிக்டன்ஸ்டைன் நீக்கிவிட்டார்.

ஜப்பானில்தான் விஷயம் ஆழமாகிறது. சிறுமியருக்கான ஷோஜோ மாங்காவை முதலில் ஆண்களே அதிகம் வரைந்தார்கள். 1970களில் மோட்டோ ஹாகியோ, கெய்கோ டகேமியா, ரியோகோ இகெடா போன்ற பெண்கள் அதைக் கைப்பற்றினார்கள். அவர்கள் செய்த பெரிய காரியம் எண்ணத்தைக் குமிழியிலிருந்து வெளியே விட்டது. மனதுக்குள் ஓடும் வரிகள் கட்டங்களின் மேல், பூக்களின் மேல், வெற்று வெளியின் மேல் மிதந்தன. பக்கம் முழுவதுமே அவளுடைய மனம் ஆனது. இந்த உத்தி இரண்டு பக்கமும் வெட்டும். பயத்தை நுட்பமாகச் சொல்லலாம், பயத்தையே காதலாகக் குழைத்தும் கொடுக்கலாம்.

இரண்டாவதற்குப் பேர்போன உதாரணம் யோகோ காமியோவின் ‘ஹானா யோரி டாங்கோ’. 1992இல் ‘மார்கரெட்’ இதழில் தொடங்கியது. பணக்காரப் பள்ளியில் படிக்கும் ஏழைப்பெண் மாகினோ. அவளை எல்லோரையும் விட்டுத் துன்புறுத்தச் செய்கிறவன் டோமியோஜி. ஆரம்பப் பகுதியொன்றில் அவளிடம் பலவந்தமாக நடக்க முயல்கிறான், அவள் அழுததும் நிறுத்துகிறான். அவனே பிறகு காதலன். தைவான், ஜப்பான், கொரியா, சீனா, தாய்லாந்து என்று ஆசியா முழுவதும் இது தொலைக்காட்சித் தொடராகிவிட்டது. மாகினோ அடங்கிப்போகிறவள் அல்ல, திருப்பி அடிக்கிறவள். வாசகிகள் அவளை விரும்பியது அதற்காகத்தான். ஆனாலும் அவள் அடித்த அடிகளையெல்லாம் கதை காதலின் முன்பணமாகவே வரவு வைக்கிறது. பெண்ணைச் சுவரோரம் நிறுத்தி அவள் தலைக்குப் பக்கத்தில் கையை அறைந்து ஊன்றும் ‘கபேடோன்’ காட்சி ஷோஜோ மாங்காவில் வளர்ந்து, 2014இல் ஜப்பானின் அந்த ஆண்டுக்கான பிரபலச் சொற்களில் ஒன்றாகவே ஆனது.

ஹைதராபாத் மல்லாபூரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ் வீட்டுப் பெண் தார்நாகாவில் டிகிரி படிக்கிறாள். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு, போனில் கொரிய, ஜப்பானியக் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. டோமியோஜியைப் பற்றிக் கேட்டேன். “நெஜத்துல வந்தான்னா ஷீ டீமுக்கு வாட்ஸ்அப்ல கம்ப்ளைன்ட் போட்டுருவேன் அங்கிள். கதையில அவன எனக்குப் பிடிக்கும்” என்றாள். பின்தொடர்கிறவர்களையும் சீண்டுகிறவர்களையும் பிடிக்க 2014 அக்டோபரில் ஹைதராபாத் போலீஸ் தொடங்கிய ஷீ டீம்ஸ் பற்றி இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று கவலைப்படும் பெரியவர்களுக்கு அவள் பதிலே போதும். என் கேள்வி வாசகியைப் பற்றியது அல்ல, கதையைப் பற்றியது. கேட்டுவிட்டுக் காத்திருப்பவனையும் இதே சுவாரசியத்தோடு எழுத முடியாதா?

முடியும் என்று காட்டியது ‘கிமி நி டோடோகே’. கருஹோ ஷீனா 2005இல் தொடங்கி 30 தொகுதிகள் எழுதினார். கூச்சம் பிடித்த சவாகோவும் கஸேஹாயாவும் ஒருவரிடம் ஒருவர் சொல்லி முடிக்கவே பல தொகுதிகள் ஆகின்றன. அந்தத் தயக்கமே கதையின் விறுவிறுப்பு. சம்மதம் கேட்டால் காதலின் சுவை போய்விடும் என்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசலாம்.

கைபேசியில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வெப்டூன்கள் கொரியாவில் பிறந்தவை. இவற்றுக்குப் பக்கம் கிடையாது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் வேண்டுமானாலும் விடலாம். கட்டங்களுக்கு இடையிலான சந்தில் நடப்பதை வாசகன்தான் தன் மனதில் நடத்திக்கொள்கிறான் என்று ஸ்காட் மெக்லவுட் 1993இல் விளக்கினார். அச்சுக் காமிக்ஸில் சம்மதம் பெரும்பாலும் இந்தச் சந்துக்குள்தான் தொலைந்தது: ஒரு கட்டத்தில் அவன் நெருங்குகிறான், அடுத்த கட்டத்தில் விடிந்துவிட்டது. வெப்டூனில் அந்தச் சந்தை நீட்டி, அவள் யோசிக்கும் நேரத்தையே காட்டலாம். நியூசிலாந்தின் ரேச்சல் ஸ்மைத் ‘லோர் ஒலிம்பஸ்’ தொடரில் இதை நன்றாகவே பயன்படுத்தினார். 2018இல் தொடங்கிய இந்தத் தொடர் 2022இல் ஐஸ்னர் விருது பெற்றது. கிரேக்கப் புராணத்தில் ஹேடிஸ், பெர்ஸபோனியைக் கடத்திக்கொண்டு போகிறான். ஸ்மைத்தின் கதையில், போதையில் தன் காரில் கிடக்கும் அவளைக் கண்டு பதறி, தன் வீட்டின் விருந்தினர் அறையில் தூங்கவிடுகிறான். பலாத்காரம் செய்கிறவன் அப்பல்லோ. அந்த அத்தியாயத்தில் அவள் கத்தவில்லை, உதறவில்லை. தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்வதுபோலத்தான் தெரிகிறது. மனம் மட்டும் உடலைவிட்டு எங்கோ போய்விடுகிறது. நடந்தது என்ன என்று அவளுக்கே பிறகுதான் புரிகிறது. வாய் ‘வேண்டாம்’ என்க, மனம் ‘வேண்டும்’ என்றது பழைய கதை. ஸ்மைத் அதைத் தலைகீழாக்கிவிட்டார். இந்தத் துறையில் கடந்த பத்தாண்டுகளில் நடந்த முக்கியமான மாற்றம் இதுதான் என்பது என் கணிப்பு.

நம் பக்கம் வருவோம். காதலை வகைபிரித்த மரபு நம்முடையது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாததைப் பெருந்திணை என்றும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது தொல்காப்பியம். மடலேறுவேன் என்று சொல்லும்வரை பொறுத்துக்கொண்ட இலக்கணம், ஏறியே விட்டதைப் பெருந்திணையில் தள்ளியது. ஆனால் இந்தியப் படக்கதை பிடித்துக்கொண்டது வேறு வழி. அனந்த் பை 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையின் ஆரம்ப இதழ்களில் ஒன்று சகுந்தலை. மகாபாரதத்துச் சகுந்தலை, தன் மகனுக்கே பட்டம் என்று நிபந்தனை வைத்து, துஷ்யந்தன் ஒப்புக்கொண்ட பிறகே இணங்குகிறாள். காளிதாசனில் அந்தப் பேரம் போய், நாணமும் மோதிரமும் சாபமும் வந்துவிட்டன. படக்கதை காளிதாசனைப் பின்பற்றியது. பேரம் பேசுகிறவளைவிட மானைத் தடவிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறவள் வரைவதற்குச் சுலபம், அவ்வளவுதான்.

வள்ளி கதையிலும் இதே இழப்பு. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நடக்கும் மேடைகளில் வேலனும் வள்ளியும் இராத்திரி முழுக்கத் தர்க்கம் செய்வார்கள். அவன் ஒன்று கேட்டால் அவள் இரண்டாக மடக்குவாள். நல்ல ராஜபார்ட்டே திணறிப்போவதைக் கூட்டம் ரசிக்கும். நான் பார்த்த படக்கதைகளில் இந்தத் தர்க்கம் காணாமல்போய் யானை மட்டும் மிஞ்சுகிறது. யானைக்குப் பயந்து ஓடிவந்து கிழவனைக் கட்டிக்கொள்வது சம்மதமா?

தமிழில் காதல் காமிக்ஸ் என்று தனி வகையே வளரவில்லை. அந்த இடத்தைப் பத்திரிகைத் தொடர்கதையும் மாத நாவலும் நிரப்பிவிட்டன. தினத்தந்தியில் 1960இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ‘கன்னித்தீவு’ லைலாவை மந்திரத்தால் சிற்றுருவாக்கி, சிந்துபாத்தின் காதலுக்கு முடிவில்லாத விடுமுறை கொடுத்துவிட்டது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் 1984 ஜூலையில் வந்தபோது அதன் நாயகி மாடஸ்தி பிளைசி. தன் காதலர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறவள், உயிர் நண்பன் கார்வினோடு காதல் இல்லாமலே வாழ்கிறவள். இப்படியொருத்தி பத்து வயதுப் பையன்கள் கையில் கிடைத்தது வியப்புதான். நாங்கள் படித்தது என்னவோ சண்டைக்காக.

இந்தியாவில் காமிக்ஸ் சம்மதத்தைப் பேசத் தொடங்கியது காதலின் வாசல் வழியாக அல்ல, குற்றத்தின் வாசல் வழியாக. 2012 டிசம்பர் தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2014இல் ‘பிரியாஸ் சக்தி’ வந்தது. பலாத்காரத்துக்கு ஆளாகி, வீட்டாராலும் பழிக்கப்பட்ட பிரியா, பார்வதியின் துணையோடு புலிமேல் ஏறி வருகிறாள். 2015இல் ஜுபான் வெளியிட்ட ‘டிராயிங் தி லைன்’ தொகுப்பில் 14 இளம்பெண்கள் தெருவையும் வீட்டையும் உடம்பையும் பற்றி வரைந்தார்கள். நல்ல வேலைகள். இருந்தும் ஓர் இடைவெளி தெரிகிறது. வன்முறை எது என்று இவை சொல்லிவிட்டன, காதல் எப்படிக் கேட்கும் என்று சொல்லவில்லை. இணையத்தில் வந்து 2009இல் அரசு முடக்கிய ‘சவிதா பாபி’ இன்னொரு தப்பித்தல். நாயகி எப்போதும் தயாராக இருந்தால் கேட்கிற தேவையே எழாது.

2013இல் திருத்திய குற்றவியல் சட்டம், சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கும் விருப்பம் என்று வரையறுத்தது. உடலால் எதிர்க்கவில்லை என்பதற்காக மட்டும் அது சம்மதம் ஆகிவிடாது என்றும் சேர்த்தது. பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த வரையறை தொடர்கிறது. ஜப்பானும் 2023இல் தன் சட்டத்தில் சம்மதமின்மையை மையத்துக்குக் கொண்டுவந்து, சம்மத வயதை 13இலிருந்து 16 ஆக்கியது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எண்ணக் குமிழிக்கு இடமில்லை. வெளியே தெரிவிக்கப்பட்டதுதான் கணக்கு.

தமிழில் காமிக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கௌபாய்களும் துப்பறிவாளர்களும் நிறையவே வந்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு காதல் கதையாவது போடுங்கள். முதலாவதாக ‘கிமி நி டோடோகே’யின் மொழிபெயர்ப்பே இருக்கட்டும். அடுத்ததை, தமிழ்ப் பெண் ஒருத்தியை எழுதி வரையச் சொல்லிக் கேளுங்கள்.