சலுகை தர முடியாத ஊர்: சில்க்போர்க்கும் நிறுவன வரியும்

நிறுவன வரியைத் தள்ளுபடி செய்து முதலீட்டை வரவழைக்கும் வழி, டென்மார்க்கின் சில்க்போர்க் நகராட்சிக்கு அநேகமாக அடைபட்டிருக்கிறது. வரி விகிதத்தை நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் ஒன்றாக விதிக்கிறது. நகராட்சிக்கு வசூலில் ஒரு பங்கு வருகிறது, அவ்வளவுதான். சட்டம் தனியே இடம் கொடுத்தாலன்றி, ஒரு தனி நிறுவனத்துக்கு நகராட்சிப் பணத்தில் உதவ முடியாது. அதற்கு மேல், போட்டியைக் குலைக்கும் அரசு உதவியை ஐரோப்பிய ஒன்றியச் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 107ஆம் பிரிவு தடுக்கிறது. வணிகச் சொத்துகள் மீதான தனிவரியைக் குறைக்கலாம். அதுவும் எல்லோருக்கும் பொதுவாகத்தான்.

ஆனாலும் தொழில் வராமல் போய்விடவில்லை. 1844இல் மிக்கேல் ட்ரூசன் காகித ஆலையை நிறுவியது குடேனோ ஆற்றின் நீர்விசைக்காக. ஊரே அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்ததுதான். நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்றான யூஸ்கே வங்கிக்கு இன்றும் இதுவே தலைமையிடம். ஆர்ஹூஸையும் ஹெர்னிங்கையும் இணைக்கும் விரைவுச்சாலை 2016இல் நகரத்தின் வழியாகவே முழுமை பெற்றது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று, வடக்கே இருக்கும் வீபோர்க். 2015 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அங்கும் அயர்லாந்தின் ஆதென்ரையிலும் தரவு மையங்கள் அமைப்பதாக ஒரே நேரத்தில் அறிவித்தது. அயர்லாந்தில் வரி 12.5 சதவீதம், டென்மார்க்கில் 23.5. எழுந்து நின்றது வீபோர்க் மையம். ஆதென்ரைத் திட்டம் கட்டட அனுமதி வழக்குகளில் இழுபட்டு 2018இல் கைவிடப்பட்டது. ஆனால் அதே ஆப்பிள், ஐரோப்பிய லாபத்தின் பெரும்பகுதியைக் கணக்கில் காட்டியது அயர்லாந்தில்தான். அங்கே பெற்ற சலுகைக்காக 1,300 கோடி யூரோவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது. கணக்கேடு வரியைத் தேடிப் போகிறது; கட்டடம் மின்சாரத்தையும் அனுமதியையும் தேடுகிறது.

சலுகைக்குப் பயனே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். துறைமுகம், நிலம், தொழிலாளர் எல்லாம் ஏறக்குறைய சமமாக இருக்கும் இந்திய மாநிலங்களுக்கிடையே வரி தராசைச் சாய்க்கும். ஸ்ரீபெரும்புதூரில் சலுகைகளோடு 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியாவுக்குப் பின்னால் உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. ஆனால் வரி வழக்குகளால் சொத்துகள் முடக்கப்பட்ட அந்த ஆலை, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் 2014 நவம்பரில் மூடப்பட்டது. விகிதம் உயர்ந்திருப்பதைவிட நிச்சயமின்மை கொடியது.

டென்மார்க்கும் போட்டியிலிருந்து விலகி நிற்கவில்லை. அதை நாட்டளவில் நடத்துகிறது. 1980களின் இறுதியில் 50 சதவீதமாக இருந்த வரி 2016இல் 22 ஆனது. இத்தகைய பொதுக்குறைப்பில் பேரம் இல்லை, பாரபட்சம் குறைவு. ஆனால் எப்படியும் நாட்டிலேயே இருந்திருக்கக்கூடிய பழைய நிறுவனங்களுக்கும் அந்த லாபம் போய்ச்சேருகிறது. 2024 முதல் 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 சதவீத அடிமட்ட வரி நடப்பில் உள்ளது. அதற்குக் கீழே ஒரு நாடு விட்டுக்கொடுக்கும் தொகையை இன்னொரு நாடு வசூலித்துக்கொள்ளலாம்.