சோடிச் செருப்பும் கால்சிய ஒளியும்
குவாண்டம் பின்னல் பற்றிய நம் எழுத்து குறித்து ஒரு விமர்சனம்

ஆலங்காயத்தை அடுத்து, ஜவ்வாது மலையில் அமைந்துள்ள காவலூர் வானாய்வகம், கால்சியத்தின் ஒளியை நுணுகி வாசித்த ஒருவரின் முயற்சியால் எழுந்தது. நவாப் ஸஃபர் ஜங் ஹைதராபாத்தில் 1901இல் தொடங்கிய நிஸாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவரின் மகனே வைணு பாப்பு. விண்மீன் ஒளியில் அயனியுற்ற கால்சியம் பதிக்கும் ‘கே’ கோட்டின் நடுவே தோன்றும் ஒளிர்வின் அகலம், அவ்விண்மீனின் உண்மையான பிரகாசத்தைக் காட்டிவிடும் என்பதை அவரும் ஓலின் வில்சனும் 1957இல் வெளியிட்டனர். காவலூருக்கு ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது 1972இல். அதே ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் ஜான் கிளாசரும் அதே தனிமத்தின் ஒளியைக் கொண்டு குவாண்டம் பின்னலைச் சோதித்தனர். 1982இல் பிரான்சில் அலென் அஸ்பேயின் குழுவினரும் கால்சியத்தையே நாடினர். கிளாசர், அஸ்பே, ஆன்டன் ஸைலிங்கர் ஆகிய மூவரும் 2022இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்பொருள் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் எடுத்தாளும் உவமை ஒன்று உண்டு. ஒரு சோடிச் செருப்பைப் பிரித்து இரு பெட்டிகளில் இட்டு இரு ஊர்களுக்கு அனுப்புகிறோம். ஒன்றைத் திறந்து இடக்கால் செருப்பைக் கண்டதும், மற்றது வலக்காலுக்கு உரியது என்று அறிந்துகொள்கிறோம். எளிமையான உவமைதான், ஆயினும் விளக்கவந்த பொருளையே அது மறைத்துவிடுகிறது. செருப்பு எக்காலுக்கு உரியது என்பது பெட்டியில் இடும்போதே முடிவாகிவிட்டது. ஜான் பெல் 1981இல் தம் நண்பர் பெர்ட்ல்மனின் வேறுவேறு நிறக் காலுறைகளைப் பற்றி எழுதியது, பின்னல் இத்தகையதன்று என்பதைக் காட்டுவதற்கேயாகும்.

உவமை தவறவிடுவது சமச்சீர் விதிக்கும் கட்டுப்பாட்டை. கிளர்வுற்ற கால்சிய அணு இரண்டு ஃபோட்டான்களை ஒன்றன்பின் ஒன்றாக உமிழ்கிறது. முதலாவது பச்சை, அடுத்தது ஊதா. தொடக்கத்திலும் முடிவிலும் அணுவின் கோண உந்தம் பூச்சியம். அதாவது, எத்திசையில் சுழற்றிப் பார்த்தாலும் அணு ஒன்றுபோலவே இருக்கிறது. ஆகவே எதிரெதிராகச் செல்லும் அவ்விரு ஃபோட்டான்களும் எத்திசைக்கும் சிறப்பிடம் தர இயலாது. இரண்டும் கிடைத்திசையில் தளவிளைவுற்றவை என்று தனித்தனியே வரையறுத்தால், கிடைத்திசை சிறப்புப் பெற்றுவிடும். சமச்சீர் அதற்கு இடங்கொடாது.

சுழற்சிச் சமச்சீர் மட்டும் போதுமா எனில், போதாது என்பதே விடை. இரு ஃபோட்டான்களும் வலச்சுழியாய் இருந்தாலும், இரண்டும் இடச்சுழியாய் இருந்தாலும் அக்கட்டுப்பாடு நிறைவேறிவிடும். அவற்றில் பின்னல் இல்லை. வலத்தை இடமாக்கும் கண்ணாடிச் சமச்சீரும் சேரும்போதுதான் இரு நிலைகளும் சம பங்குடன் ஒன்றாய் இணைந்தே நிற்க வேண்டியதாகிறது. அப்போது இணைக்கு நிலை உண்டு. தனித்தனி உறுப்புக்கு இல்லை. இதுவே பின்னல்.

‘ஒவ்வோர் இணையும் பிறக்கும்போதே ஏதோ ஒரு திசையைத் தாங்கி வருகிறது, பல இணைகளைச் சேர்த்துப் பார்க்கையில் எல்லாத் திசைகளும் சமமாகிவிடுகின்றன’ என்று ஒருவர் வாதிடலாம். அங்ஙனமாயின், ஒரே கோணத்தில் வைத்த இரு தளவிளைவாக்கிகளில் விடைகள் நான்கில் மூன்று முறையே ஒத்துப்போகும். பின்னல் உண்டெனில், குறையற்ற கருவியில் எப்போதும் ஒத்துப்போகும். இனி, எக்கோணத்துக்கு எவ்விடை என்று இரண்டும் முன்னரே உடன்பட்டு வருவதாகக் கொண்டாலும், சாய்ந்த கோணங்களில் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டென பெல் 1964இல் நிறுவினார். கால்சிய ஒளி அவ்வெல்லையைக் கடந்தது. செருப்பு உவமை வீழ்வது இங்கேதான்.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு பிழையும் உலவுகிறது. ‘அண்டத்தில் எல்லாமே எல்லாவற்றுடனும் பின்னியுள்ளன, ஆகவே மனம் மனத்தோடு தொலைவிலிருந்தே பேசும்’ என்று மேடைகளில் முழங்குவோர் உளர். எல்லா எலக்ட்ரான்களும் ஒரே அச்சில் வார்த்தவை; எனவே இரண்டை இடம் மாற்றினால் அவற்றின் பொதுநிலை குறி மாறவேண்டும் என்பது இயற்பியலின் விதி. ஆயினும் அவ்விதி ஒன்றினாலேயே காவலூரிலுள்ள எலக்ட்ரானும் நிலவிலுள்ள எலக்ட்ரானும் பயன்தரும் பின்னலில் உள்ளன எனல் பொருந்தாது. கிரார்டி, மரினாட்டோ, வெபர் ஆகியோர் 2002இல் இவ்வேறுபாட்டைத் தெளிவுற வகுத்தனர். உண்மையான பின்னலிலும் ஒரு முனையில் அளப்பவர் மறுமுனைக்குச் செய்தி எதையும் அனுப்பிவிட முடியாது.

முதற் பிழை பின்னலை வெறும் அறியாமையாகச் சுருக்குகிறது. இரண்டாவது அதை மாயமாகப் பெருக்குகிறது. எச்சமச்சீர், எதன்மீது, எதை விதிக்கிறது என்று கேட்காமையே இரண்டுக்கும் வேர். டாலமியின் நூல்களைப் போற்றிப் பயின்ற இப்னுல் ஹைதமே அவற்றின் மீதான ஐயங்களைத் தனி நூலாக எழுதினார். அம்மரபை உரிமை கொண்டாடும் நாம், கேட்போர் வியக்கிறார்கள் என்பதற்காக ஓர் உவமையை ஐயுறாது கைக்கொள்ளுதல் தகாது. அறிவியலை எழுதுவோர் உவமையைக் கூறட்டும். அது எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் உடன் கூறட்டும். அவ்வளவே நாம் வேண்டுவது.